மூன்று நிறப் புள்ளிகளில் சுனிஜா

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பின்ஸியின் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல். அவளும் வல்சலாவும் சேர்ந்து துணிப்பையும் பனியனும் அச்சடிக்கிற தகரக் கொட்டகை, ஒரு பக்கம் வாய்க்காலும் மறுபக்கம் நெல்வயலும் இருக்க, நடுவில் ஓடும் கரையின்மேல் நின்றது. மொத்த அகலமே ஏழடி. அதில் மூன்றரை அடியை அச்சு மேசை எடுத்துக்கொண்டது. அடித்ததைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கலாம் என்று யாருக்காவது ஆசை வந்தால் வயலில் விழலாம், இல்லையென்றால் வாய்க்காலில் விழலாம். போன வருஷம் தேவாலயத் திருநாளுக்குக் கொடி அடித்தபோது வல்சலா அப்படித்தான் இரண்டு எட்டு பின்னால் வைத்து, குதிரைமேல் இருந்த புனிதரைக் கையில் பிடித்தபடியே வாய்க்காலில் போய் உட்கார்ந்தாள். கொடியை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அதனால் எல்லாவற்றையும் மூக்குக்கு முன்னால் வைத்துப் பார்ப்பதே அங்கே வழக்கமாகிவிட்டது. பெயர், பூ, கட்சிச் சின்னம், ஜவுளிக்கடை விலாசம் எல்லாம் ஒற்றை நிறத்தில் பளிச்சென்று விழும். அதற்கு அந்தத் தூரம் தாராளம். மனித முகம் அடித்துக் கொடு என்று யாரும் வந்ததில்லை, மோளிக்குட்டி வரும்வரை.

மோளிக்குட்டி பெண்கள் வள்ளத்தின் தலைவி. முப்பது பேர் துடுப்புப் போடும் வள்ளம். ஓணம் கழிந்து இரண்டாம் சனிக்கிழமை படகுப் போட்டி. இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது.

"முப்பது பனியன். முன்னால ஒண்ணும் வேணாம். முதுகுல சுனிஜா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து நீட்டினாள்.

போன வருஷப் போட்டி முடிந்து எடுத்த கூட்டப் படம். முப்பது பேர் ஈரத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இடமிருந்து ஐந்தாவதாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறவள் சுனிஜா. இருபத்துநான்கு வயது. அந்தப் படம் எடுத்த மூன்றாவது மாதம் எலிக்காய்ச்சல் வந்து, ஆறே நாளில் போய்விட்டாள்.

வல்சலா போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "மிளகு அளவுக்குக்கூட இல்லையே மோளிக்குட்டீ. வேற படம் கிடையாதா?"

"அவ போன் அவளோட ஆஸ்பத்திரிக்குப் போச்சு, திரும்பி வரல. சின்ன வயசுப் படமெல்லாம் வெள்ளத்துல போச்சு. ஆதார் கார்டு இருக்கு."

"ஆதார் கார்டுல இருக்கறது யாரோட மூஞ்சின்னு அந்த மெஷினுக்கே தெரியாது" என்றாள் வல்சலா.

மோளிக்குட்டி சிரிக்கவில்லை. விஷயம் விளையாட்டில்லை என்று அவள் மேசை ஓரத்தில் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. சுனிஜாவின் தாய் விலாசினி பதினெட்டு வருஷம் அந்த வள்ளத்தில் துடுப்புப் போட்டவள். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தவளும் அவளே. மகள் போன நாளிலிருந்து வள்ளத்தில் கால் வைக்கவில்லை. வேலைக்குப் போவதில்லை, கூட்டத்துக்கு வருவதில்லை, யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதில்லை. மோளிக்குட்டி நாலு தடவை போய்க் கூப்பிட்டாள். நாலாவது தடவைதான் வாயைத் திறந்தாள்.

"'அவளும் வள்ளத்துல இருக்கணும், இருந்தா ஏறுறேன்'னு சொல்லுச்சு சேச்சி. எனக்கு வேற வழி தெரியல. அப்பதான் இந்தப் பனியன் யோசனை வந்துச்சு" என்றாள் மோளிக்குட்டி. "பின்ஸீ, முடியும்ல?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பட்டணத்துக் கடைக்காரன் அப்படித்தான் சொல்லி அனுப்பினானாம்: படம் சின்னது, பெரிசாக்கினால் கட்டம் கட்டமாகத்தான் வரும் என்று. ஆனால் சுனிஜா வாரம் ஒருமுறை இந்தக் கொட்டகைக்கு வந்து பைக்கட்டைத் தலையில் தூக்கிப் படகுத்துறை வரை கொண்டுபோய்க் கொடுத்தவள். கூலி பேசினால் கோபித்துக்கொள்வாள். பின்ஸி தலையை ஆட்டிவிட்டாள்.

பின்ஸிக்குக் கணினியில் வரையக் கற்றுக்கொடுத்தது அவளுடைய மகளின் ஒன்பதாம் வகுப்புப் பாடப்புத்தகம். அந்த ஊர்ப் பள்ளிகளில் இங்க்ஸ்கேப் பாடமாகவே இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டாத மென்பொருள், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். மகள் பரீட்சை எழுதினாள், மறந்தாள், விடுதிக்குப் போனாள். புத்தகம் வீட்டில் கிடந்தது. பின்ஸி அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை செய்து பார்த்துவிட்டு, புத்தகத்தில் இல்லாததையும் தேட ஆரம்பித்திருந்தாள்.

சின்னப் படத்தைப் பெரிசாக்குவதற்குப் பதில் புள்ளிகளாக உடைத்துவிடலாம் என்பது அப்படித் தேடியபோது தெரிந்த விஷயம். வேலை கேட்பதற்குப் பெரிதாக இருக்கும், செய்வதற்கு எளிது. படத்தின்மேல் ஒரே ஒரு வட்டம் போட வேண்டும். அதை வரிசை வரிசையாக நகலெடுக்கச் சொல்லிக் கட்டளை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நகலும் தன் அடியில் இருக்கும் படத்தை எட்டிப் பார்க்கும். இருட்டான இடமென்றால் ஊதிப் பெரிதாகும், வெளிச்சமான இடமென்றால் சுருங்கிக் கடுகாகும். நிறம் வேண்டுமென்றால் இதையே மூன்று தடவை செய்ய வேண்டும். படத்தில் சிவப்பு எங்கே குறைகிறதோ அங்கே நீலப் புள்ளி பெரிதாகும், பச்சை குறைகிற இடத்தில் ரோஸ், நீலம் குறைகிற இடத்தில் மஞ்சள். மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் தோலின் நிறம் தானாக வந்துவிடும். மூன்று மைதான், ஆனால் முகத்தில் முப்பது நிறம்.

பின்ஸியின் மடிக்கணினி பழையது. ஒரு நிறத்துப் புள்ளி வலைக்கு நாலாயிரத்துச் சொச்சம் புள்ளி என்றதும் அதற்கு மூச்சு வாங்கிற்று. கட்டளையைக் கொடுத்துவிட்டு மீன் கழுவி, குழம்பு கூட்டி இறக்கி வைத்துவிட்டு வந்தால் வேலை முடிந்திருக்கும்.

முதல் தடவை பிள்ளையார் பிடிக்கக் குரங்காயிற்று. மூன்று வலைகளையும் ஒரே நேராகப் போட்டிருந்தாள். பழைய துணியில் அடித்தபோது, அச்சுச் சட்டம் மயிரிழை விலகினாலும் புள்ளிமேல் புள்ளி ஏறி, முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக ஒரு பின்னல் விழுந்தது. நிறமும் சேற்று நிறம்.

"பாய் நல்லா முடைஞ்சிருக்கே" என்றாள் வல்சலா. "ஆள் எங்கடி?"

பின்ஸி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் விடை கிடைத்தது. மூன்று வலையும் மூன்று சாய்வில் இருந்தால் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்காது. அதற்கு வலையைச் சாய்க்க வேண்டியதில்லை. படத்தைச் சாய்த்து வைத்துப் புள்ளி போட்டுவிட்டு, புள்ளிகளை நேராகத் திருப்பிக்கொண்டால் போதும். நீலத்துக்குப் பதினைந்து பாகை, ரோஸுக்கு எழுபத்தைந்து, மஞ்சள் நேராகவே இருக்கட்டும். சுனிஜாவைத் திரையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்தபோது, துடுப்பை இழுக்கும்போது அவள் சாய்வது போலவே இருந்தது.

முடிந்ததும் மைனஸ் விசையை அழுத்தினாள். படம் சிறுத்தது. இன்னும் அழுத்தினாள். புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுனிஜா சிரித்தாள்.

"வல்சலேச்சி, இங்க வாங்க."

வல்சலா வந்து பார்த்தாள். வாய் ஓயாத அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அச்சு அசல்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த இரண்டு நாள் சட்ட வேலை. மூன்று சட்டத்தில் வலைத்துணி கட்டி, பசை பூசி, புள்ளித் தாளை வைத்து வெயில் காட்டி, கழுவி எடுத்தார்கள். கடுகைவிடச் சின்னப் புள்ளி எதுவும் அந்தத் துணியில் நிற்காது, தண்ணீரோடு போய்விடும் என்பதால் பின்ஸி எல்லாப் புள்ளியையும் பெரிதாகவே வைத்திருந்தாள். வெள்ளைப் பனியன் ஒன்றில் மஞ்சள் அடித்து, காயவைத்து, ரோஸ் அடித்து, காயவைத்து, நீலம் அடித்தார்கள். மாதிரிப் பனியன் தயார். விலாசினிக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

விலாசினி எதிர்க்கரையில் இருந்தாள். தன் சிறு வள்ளத்தில் கழி ஊன்றி வந்து, கொட்டகைத் தூணில் கட்டிவிட்டு உள்ளே நுழைந்தாள். பெரிய உடம்பு ஒன்பது மாதத்தில் பாதியாகியிருந்தது. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. வல்சலா நீட்டிய பால் ஊற்றாத கட்டன் சாயாவை வாங்கவில்லை. மேசைக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் நின்று, குனிந்து பனியனைப் பார்த்தாள்.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலால் ஒரு நீலப் புள்ளியைத் தொட்டாள். பக்கத்து ரோஸ் புள்ளியைத் தொட்டாள்.

"இது என்ன பின்ஸீ?"

"சுனிஜாதான் சேச்சி. புள்ளியா போட்டிருக்கு."

"ஒம்பது வயசுல அவளுக்கு அம்மை வந்துச்சு" என்றாள் விலாசினி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பதினாறு நாள். ராவும் பகலும் பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு கையையும் பிடிச்சிக்கிட்டிருந்தேன், சொறிஞ்சிடக் கூடாதுன்னு. வேப்பிலையால வருடி வருடி என் கை மரத்துப்போச்சு. ஒரு வடு விழல. மூஞ்சியில ஒரே ஒரு வடு கிடையாது. அத்தனையையும் நீ கொண்டாந்து வெச்சுட்டியே பின்ஸீ."

பின்ஸி பனியனை மேசையிலிருந்து தூக்கிப் பிடித்தாள். "அப்படி இல்ல சேச்சி. இதைக் கொஞ்சம் தள்ளி நின்னு பார்க்கணும். அப்பதான்..."

"என் பிள்ளையை நான் எதுக்குத் தள்ளி நின்னு பார்க்கணும்?"

தள்ளி நிறுத்திக் காட்டுவதற்கு அந்தக் கொட்டகையில் இடம் இல்லை. விலாசினி அவிழ்ந்த முடியை முடிந்துகொண்டாள்.

"மோளிக்குட்டிகிட்ட சொல்லிடு. நான் வரல. வேற ஆளைப் பார்க்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

பின்ஸி மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். வெட்கமாக இருந்தது. துக்கத்தில் இருக்கிறவளை வரவழைத்து, புண்ணைக் கிளறி அனுப்பியாயிற்று. கணினித் திரையில் மைனஸ் விசையை அழுத்திப் பார்த்ததைத் தவிர, பனியனைத் தள்ளி நின்று அவளும்தான் பார்த்ததில்லை. துணியில் அப்படித் தெரியுமா தெரியாதா என்று அவளுக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னும் சின்னப் புள்ளியா போட்டுப் பார்க்கலாமா வல்சலேச்சி?"

"போட்டா துணியில நிக்குமா?"

"நிக்காது."

"அப்புறம் என்ன கேள்வி? நகரு. ரேஷன் கடைக்காரனோட பை அம்பது கிடக்கு. மேசை வேணும்." வல்சலாவுக்கு மனசு கஷ்டமாக இருந்தால் வாய் கடுமையாகிவிடும். பனியனை எடுத்துப் போய், வாய்க்கால் ஓரம் கட்டியிருந்த துணி உலர்த்தும் கொடியில், முதுகுப் பக்கம் தண்ணீரைப் பார்க்க விரித்துக் கிளிப் மாட்டினாள். முன்பக்கம் மை ஒட்டாமல் காய வேண்டும், அவ்வளவுதான் அவள் யோசித்தது.

விலாசினி கழியை ஊன்றிப் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. இருபது மீட்டர் வாய்க்கால்தான், ஆகாயத் தாமரையை ஒதுக்கி ஒதுக்கிப் போக வேண்டியிருந்தது. எதிர்க்கரையை அடைந்து, தென்னங்குற்றியில் கட்டுவதற்கு வள்ளத்தின் பின்முனையில் கிடந்த கயிற்றை எடுக்க இந்தப் பக்கம் திரும்பினாள்.

பின்ஸி ரேஷன் கடைப் பைக்குச் சட்டம் மாற்றிக்கொண்டிருந்தாள். தற்செயலாக நிமிர்ந்தவள், விலாசினி கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பதைப் பார்த்தாள்.

முடிச்சுப் போடவில்லை. கயிறு கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. விலாசினி கழியை எடுத்தாள். வள்ளம் மெதுவாக இந்தப் பக்கம் வந்தது. வேகம் பிடித்தது. பாதி வாய்க்கால் தாண்டியதும் நின்றது. விலாசினியின் முகம் சுருங்கியது. கழியை மாற்றி ஊன்றிப் பின்னால் தள்ளினாள். ஒரு வள்ளத் தூரம் பின்னால் போய் நின்றாள். மறுபடி முன்னால் வந்தாள், நின்றாள், மறுபடி பின்னால் போனாள்.

"என்னடி பண்ணுது அது? பைத்தியம் பிடிச்சிடுச்சா?" என்று வல்சலா கிசுகிசுத்தாள்.

"பேசாதீங்க வல்சலேச்சி" என்றாள் பின்ஸி. அவளுக்குப் புரிந்துவிட்டது. கணினியில் அவள் எத்தனையோ முறை அழுத்திய பிளஸும் மைனஸும்தான் அது.

கிட்டே வந்தால் மகள் புள்ளியாகிப் போனாள், தள்ளிப் போனால் திரும்பி வந்தாள். புள்ளி எங்கே முடிந்து மகள் எங்கே தொடங்குகிறாள் என்ற இடத்தை அந்தத் தாய் வள்ளத்தாலேயே அளந்து கண்டுபிடித்தாள். எதிர்க்கரைக்குச் சற்று இப்பால், நீரோட்டத்துக்கு எதிராகக் கழியை ஆழமாகக் குத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்றில் பனியன் அசைந்தபோது சுனிஜாவும் தலையை அசைத்தாள். விலாசினி அழுதது கொட்டகைவரை கேட்டது. ஒன்பது மாதத்தில் அவள் அழுது யாரும் கேட்டதில்லை என்று பிறகு மோளிக்குட்டி சொன்னாள்.

வெயில் இறங்கும்வரை நின்றுவிட்டுத்தான் விலாசினி மறுபடி கொட்டகைக்கு வந்தாள். இந்தத் தடவை மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆறிப்போன சாயாவை வல்சலா சுடவைத்துக் கொடுக்க, வாங்கிக் குடித்தாள்.

"எனக்குப் பனியன் தொளதொளன்னு இருக்கணும். கை வீசணும்ல" என்றாள்.

பின்ஸிக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. சொல்லாமல் விட்டால் போட்டியன்று மறுபடி இதே கதையாகிவிடும்.

"சேச்சி, வள்ளத்துல உங்களுக்கு முன்னாடி இருக்கறவ முதுகு ஒரு முழத் தூரத்துல இருக்கும். அங்க உங்களுக்கு வெறும் புள்ளிதான் தெரியும். முகம் தெரியாது. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

விலாசினி கோப்பையைக் கீழே வைத்தாள். "தெரிய வேணாம். அவ மூஞ்சி முன்னாடி தெரிஞ்சா எனக்குக் கை ஓடுமா? கரையில நிக்கறவங்க பார்க்கட்டும்" என்றாள்.

பனியன் முப்பதும் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் முடிந்தன. முப்பது முதுகு, மூன்று நிறம், தொண்ணூறு தடவை மை இழுப்பு. வல்சலாவின் வலது தோள் வீங்கிவிட்டது. அதற்கும் பின்ஸியைத்தான் திட்டினாள்.

போட்டியன்று இருவரும் முடிவுக் கம்பத்துக்கு அருகில் கரையில் நின்றார்கள். வள்ளம் அவர்களைக் கடந்து போனபோது முப்பது சுனிஜாக்கள் ஒன்றாகக் குனிந்து, ஒன்றாக நிமிர்ந்து போனார்கள். கரையில் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஐந்தாவது பலகையில் விலாசினி இருந்தாள். முன்னால் இருந்தவளின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கை ஓடியது. வள்ளம் இரண்டாவதாக வந்தது. முதலாவதாக வந்த வள்ளத்தைப் பற்றி வல்சலா சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

பரிசளிப்பு முடிந்து வள்ளத்தைத் துறையில் கட்டினார்கள். வயலுக்கு அப்பால் பந்தலில் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் தயாராக இருந்தன. பெண்கள் ஒவ்வொருவராகக் கரையேறி, குறுகிய வரப்பில் ஒருவர் பின் ஒருவராகப் பந்தலை நோக்கி நடந்தார்கள். விலாசினி மட்டும் காலி வள்ளத்தில் தன் பலகையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க விலாசினிச்சேச்சி, பசிக்கலையா?" என்று மோளிக்குட்டி வரப்பிலிருந்து திரும்பிக் கேட்டாள்.

"நீங்க போங்க" என்றாள் விலாசினி. "நின்னுடாதீங்க. இன்னும் கொஞ்சம் தூரம் போங்க."

இருபத்தொன்பது முதுகுகள் வரப்பில் விலகிப் போய்க்கொண்டிருந்தன. துறையருகே வரப்பில் நின்றிருந்த பின்ஸி, விலாசினியின் பார்வையை மறைக்கிறோம் என்று உணர்ந்து, வல்சலாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரப்பிலிருந்து வயலில் இறங்கி நின்றாள்.